பதினோராவது பெஞ்சு

போதகர் ஐயர் ஆல்டர் பீடத்தில் நின்று கைகளை விரித்துச் சமாதான வாழ்த்தைச் சொன்னதும் சபை மொத்தமும் எழுந்து நின்று பதில் சொன்னது. சுகிர்தத்தின் வாயும் சொன்னது. வாய்க்கு என்ன, முப்பது வருஷப் பழக்கம், உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியவா போகிறது, அது தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. சபை மூப்பர்கள் இரண்டு பேர் படியேறிப் போய் ஐயர் கையிலிருந்து சமாதானத்தை வாங்கினார்கள். வலது உள்ளங்கைக்குள் வலது உள்ளங்கை, மேலே இடது கையை மூடுவது, மெதுவாக ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அது. ஒருத்தர் ஆண்கள் பக்கம் திரும்பினார், ஒருத்தர் பெண்கள் பக்கம். இனி ஒவ்வொரு பெஞ்சிலும் நடைபாதை ஓரத்தில் நிற்கிறவருக்கு மூப்பர் கொடுப்பார், அவர் பக்கத்து ஆளுக்குக் கொடுப்பார், கை மாறிக் கை மாறிச் சுவர் வரைக்கும் போகும். பாடகர் குழு கீர்த்தனையை ஆரம்பித்துவிட்டது. சுகிர்தம் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர், அவளுக்கு இடம் இரண்டாவது பெஞ்சு, நடைபாதை ஓரம். எப்போதும் அரை நிமிஷத்தில் கைக்கு வந்துவிடும். இன்றைக்கு அவள் பதினோராவது பெஞ்சில், சுவரோடு சுவராக நிற்கிறாள். சமாதானம் இவ்வளவு தூரம் நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் யோசித்ததில்லை. வரட்டும், மெதுவாகவே வரட்டும், வராமலே போனாலும் சரிதான் என்று இருந்தது அவளுக்கு.

வேண்டுமென்றேதான் பிந்தி வந்தாள். இரண்டாம் மணி அடித்து முதல் பாட்டு முடிகிற நேரம் பார்த்து, பக்கத்து வாசல் வழியாக நுழைந்து, கண்ணில் பட்ட சுவர் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டாள். முன்னால் போய் உட்கார்ந்தால் போச்சு, ஆளாளுக்குத் திரும்பிச் சிரிப்பார்கள், "இப்ப எப்படி இருக்கீங்க, முகமே தெளிஞ்சிட்டே" என்பார்கள், போன ஞாயிற்றுக்கிழமை சாட்சி கேட்டு நான் அழுதுட்டேன் என்பார்கள். தெளிஞ்ச முகமாம். வியாழக்கிழமையிலிருந்து இரண்டு இட்லி ஒழுங்காக இறங்கவில்லை, இதுதான் தெளிவு. வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் போன் வந்தது. சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், ஈரக்கையோடு எடுத்தாள். டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பிள்ளை. ரிப்போர்ட் வந்திருக்கும்மா, திங்கட்கிழமை காலையில டாக்டரைப் பாத்துருங்க, தனியா வராதீங்க, கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க. அவ்வளவுதான் சொன்னது. கூட யாரையாவது. நல்ல ரிப்போர்ட்டுக்கு எதுக்குக் கூட ஒரு ஆள்? நல்லது என்றால் போனிலேயே சொல்லியிருக்கலாமே, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை, அதற்கு என்ன காசா பணமா. அரை மணி நேரம் கழித்து அவளே திருப்பிப் போன் போட்டாள். "ஏம்மா, எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லுவீங்களா, கூட ஆளு வேணும்னு?" அந்தப் பிள்ளை கொஞ்சம் நிறுத்தியது. "பொதுவா சொல்றதுதாம்மா" என்றது. அந்தக் கொஞ்சம் இருக்கிறதே, அந்த நிறுத்தம், ஒரு எச்சில் விழுங்குகிற நேரம்கூட இருக்காது, அதற்குள்ளே போய் மாட்டிக்கொண்டு நாலு நாளாக வெளியே வரத் தெரியவில்லை சுகிர்தத்துக்கு. பொதுவா என்றால் என்ன அர்த்தம்? பக்கத்தில் வேறு யாராவது ஏதாவது கேட்டிருப்பார்கள், அதற்காக நிறுத்தியிருக்கும். இல்லை, ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்திருக்கும். முன்னால் மூப்பர் இரண்டாவது பெஞ்சுக்கு வந்துவிட்டார். அவளுடைய இடத்தில் வேறு யாரோ நின்று கை நீட்டினார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை குளிக்கும்போதுதான் தட்டுப்பட்டது. இடது மார்பில், அக்குள் பக்கமாக, ஒரு பட்டாணி அளவு. சோப்பு நுரையில் கை வழுக்கிப் போனது, திரும்ப வந்தது, அங்கேயே நின்றது. சோப்பைக் கழுவிவிட்டுப் பார்த்தாள், இருந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டுப் பார்த்தாள், அப்போதும் இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கர்த்தாவே என்று கூப்பிடத்தான் வாயெடுத்தாள், வந்தது அம்மா என்று. செத்துப் போய் இருபது வருஷமான அம்மாவை. அதற்கப்புறம் கைக்கு அதே வேலையாகிவிட்டது. காய் நறுக்கும்போது, ஜெபம் பண்ணும்போது, டீச்சர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வீட்டில் மத்தியானம் சும்மா படுத்திருக்கும்போது, கை தானாக அங்கே போகும். இப்போதுகூடப் போயிற்று, சேலை முந்தானையைச் சரிபண்ணுகிற மாதிரி. சீ, கோயிலில் நின்றுகொண்டு. கையை இழுத்துப் பாட்டுப் புத்தகத்தில் வைத்தாள். அந்த வியாதியின் பெயரை அவள் இதுவரை மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. சொன்னால் அது உட்கார்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு. படித்தவள், இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவள், நினைப்பு போகிற போக்கைப் பாருங்கள்.

சாட்சி சொன்னதுதான் பெரிய வினையாகப் போயிற்று. ஊசி வைத்துச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள், பத்து நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாசக் கடைசி ஞாயிறு, ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போடுகிற நாள். பதில் வருவதற்கு முன்னாலேயே நன்றி சொல்லிவிடுவது ஒரு விசுவாசம் என்று கூட்டங்களில் கேட்டிருக்கிறாள், அவளே சங்கத்துப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறாள். கவரில் பெயரை எழுதி, சரீர சுகத்துக்காக என்று எழுதிப் போட்டாள். அது வரைக்கும் சரி. சபைச் செயலர் மைக்கில் கவர்களை வாசித்துக்கொண்டே வந்தார், இவள் பெயர் வந்தது, சரீர சுகத்துக்காக என்று வந்தது, ஐயர் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா வந்து ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லட்டும், சபைக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். எழுந்து போனாள். இல்லைங்க ஐயரே, இன்னும் ரிப்போர்ட் வரலை, நம்பிக்கையில போட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனாள். மைக்கைக் கையில் கொடுத்ததும் முந்நூறு முகம் அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் ஒரு பசி இருந்தது, நல்ல செய்திக்கான பசி. அந்தப் பசியில் நின்றுகொண்டு, இன்னும் தெரியலை என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. சாட்சி என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு, கஷ்டம் வந்தது, முழங்கால் போட்டேன், கர்த்தர் விடுவித்தார். கஷ்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, மூன்றாவது பகுதி இன்னும் வரவில்லை என்று மைக்கைப் பிடித்துச் சொன்ன ஆளை அவள் பார்த்ததே இல்லை. வாய் பழகிய தடத்தில் போயிற்று. ரிப்போர்ட் நல்லபடியா வந்துட்டு, பயப்பட ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, இந்த நாட்கள்ல ஒரு நிமிஷம்கூட எனக்குப் பயமே வரலை, அப்படி ஒரு சமாதானம் கொடுத்தார். சொல்லிவிட்டாள். மைக் அதை நாலு ஸ்பீக்கரிலும் கொண்டுபோய்ப் போட்டது. சபை ஸ்தோத்திரம் என்றது. இடத்துக்குத் திரும்பி நடந்து வருகிற அந்த இருபது அடிக்குள் அவளுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

ஊரை விடுங்கள், தனசிங்கை என்ன செய்வது? அவள் புருஷன் யூனியன் ஆபீஸ் ஜீப் டிரைவர், ஒரு நாளைக்கு ஐந்து டீ இல்லாமல் வண்டியும் ஓடாது மனுஷனும் ஓடமாட்டார். கட்டி தட்டுப்பட்ட அன்றைக்கே, ரிசல்ட் வருகிற வரைக்கும் டீயைத் தொடமாட்டேன் என்று பொருத்தனை பண்ணிக்கொண்டார். தலைவலியோடு சுற்றினார், ஒரு முணுமுணுப்பு இல்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று அழுதுகொண்டே இரண்டு டம்ளர் குடித்தார். கண்ணீரும் டீயும் சேர்ந்து மீசையில் நின்றது. "எப்ப சுகி போன் வந்துச்சு, எங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்று கேட்டார். நேத்து சாயங்காலம், கோயில்ல வச்சு உங்களுக்குத் தெரியட்டும்னு இருந்தேன் என்றாள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். அப்படியே நம்பிவிட்டார். கோயம்புத்தூரில் இருக்கிற மகள் ஜெமிக்கு அங்கே நின்றே போன் போட்டார். ஜெமிக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம், அடுத்த மாதம் இங்கே கூட்டிவர வேண்டும். அவளும் அழுதாளாம். இன்றைக்குக் கோயிலுக்கு இவளைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு முன்னாலேயே வந்துவிட்டார், ஆண்கள் பக்கம் ஐந்தாவது பெஞ்சு, வெள்ளைச் சட்டை. பிடரி தெரிகிறது. நாளைக்குக் காலையில் இந்த மனுஷனிடம் என்ன சொல்லிவிட்டு டவுனுக்குக் கிளம்புவது? சேலை எடுக்கப் போகிறேன் என்றா? தனியாகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கூட யாரும் வரலையாம்மா என்று கேட்டால்? கேட்பார். கட்டாயம் கேட்பார்.

மூப்பர் நாலாவது பெஞ்சில் நின்றார். அங்கே இருந்த ஒரு வயசான அம்மாவுக்குக் கை சரியாக வரவில்லை, அவர் குனிந்து பிடித்துக் கொடுத்தார். இதற்கு முன்னாலேயே பாவ அறிக்கை முடிந்துவிட்டது, அதையும் வாய்தான் சொன்னது. சொல்லாலும் நினைவாலும் செய்கையாலும் என்று வரும்போது மட்டும் நாக்கு கொஞ்சம் இடறியது. சொல்லால். மைக்கில் சொன்ன சொல்லால். அடுத்து திருவிருந்து. இந்தப் பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு அப்பத்தை வாங்கலாமா, பாத்திரத்தில் வாய் வைக்கலாமா? தகுதியில்லாமல் பந்தியில் கை நீட்டினவர்களுக்கு என்ன வரும் என்று சின்ன வயசில் ஓய்வுநாள் பள்ளியில் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், அது இன்னும் எலும்புக்குள் இருக்கிறது. ஒருவேளை ரிப்போர்ட் நன்றாகத்தான் இருந்ததோ, இவள் பொய் சொன்னதற்காகத்தான் மாறிப்போயிற்றோ. இது என்ன பைத்தியக்கார நினைப்பு, ஊசி வைத்து எடுத்தது அதற்கும் நாலு நாளைக்கு முன்னாடி அல்லவா. நாலு நாளைக்கு முன்னாடி எடுத்த சதையைப் போய்க் கர்த்தர் பழிவாங்கவா போகிறார். ஆனாலும் நினைப்பு விடவில்லை. உனக்குக் கோபமா என்மேல் என்று கேட்டாள். எனக்கும் உன்மேல் கோபம்தான் என்று அடுத்து வந்தது, வந்ததும் திடுக்கென்று ஆகி நிமிர்ந்து ஆல்டரைப் பார்த்தாள். மெழுகுவர்த்திகள் எரிந்தன. மின்விசிறிக் காற்றில் ஒன்று மட்டும் சாய்ந்து சாய்ந்து எரிந்தது.

உண்மையில் அவளுக்குச் சமாதானம் இருந்ததே இல்லையா? இருந்தது. பொய் சொல்லக்கூடாது, இருந்தது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து, ஒரு அதிகாரம் வாசித்து, ஜெபித்து, அடுப்பைப் பற்றவைத்து, முதல் டீயை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து தன்னுடையதைக் குடிக்கும்போது, இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றுமே, அது என்ன? முருங்கை மரத்தில் அணில் ஓடும், பக்கத்து வீட்டில் பால் குக்கர் விசிலடிக்கும், அவ்வளவுதான், ஆனால் நெஞ்சு நிறைந்து இருக்கும். அதைத்தான் அவள் விசுவாசம் என்று நினைத்திருந்தாள். சங்கத்துக் கூட்டத்தில் அதைத்தான் எடுத்து எடுத்துச் சொல்வாள், மனநிறைவு, தேவ சமாதானம், அன்றாட ஆசீர்வாதம். இப்போது யோசித்தால், ஒன்றும் நடக்காமல் இருந்ததைத்தான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேனோ என்று கலக்கமாக இருக்கிறது. ஒரு பட்டாணி வந்தது, அத்தனையும் போயிற்று. அதே படியில்தான் இப்போதும் உட்காருகிறாள். அதே அணில். டீ ஆறிப்போகிறது. அப்படியானால் இத்தனை வருஷம் எதன்மேல் உட்கார்ந்திருந்தேன்? இது கட்டியைவிடப் பெரிய பயம். செத்துப்போவதைக்கூட நினைத்துப் பார்த்துவிட்டாள், முடி கொட்டுவதை நினைத்துப் பார்த்துவிட்டாள், ஜெமியின் பிள்ளையைத் தூக்காமல் போவதை நினைத்து ஒரு மத்தியானம் முழுக்கத் தலையணையில் வாயை வைத்து அழுதும் ஆயிற்று. ஆனால் இதை, உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருபது வருஷம் மைக்கில் பேசிவிட்டேனோ என்பதை, நினைக்கவே முடியவில்லை. ஊர் வேறு சொல்லும். விசுவாசம் பத்தலை, அதான் திரும்ப வந்துட்டு என்று சொல்லும். அவளே எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறாள்.

யாரைச் சொன்னாள் என்று யோசிக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. இரண்டு ஆள் தள்ளி ஒரு காலேஜ் பெண், அதற்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டியம்மா, இந்தப் பக்கம், இவள் தோளுக்குத் தோளாக நிற்கிறது மரகதம். வந்து ஒதுங்கின அவசரத்தில் பக்கத்தில் யார் என்றே சுகிர்தம் பார்க்கவில்லை. மரகதம் அரிசி மில்லில் வேலை செய்கிறவள், புருஷன் செல்லையா இறந்து இரண்டு வருஷமாகிறது, அன்றிலிருந்து அவளுக்கு இந்தப் பின்பெஞ்சுதான். செல்லையாவுக்கும் இதே வியாதி, தொண்டையில். அவர் படுத்திருந்தபோது சங்கத்திலிருந்து எட்டுப் பேர் ஜெபிக்கப் போனார்கள், சுகிர்தம்தான் முன்னால். நார்க்கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார் அவர். பாடினார்கள், ஜெபித்தார்கள். முடிந்ததும் மரகதம் வாசல் வரைக்கும் கூட வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, நாளைக்கு ஆஸ்பத்திரியில அவுகளுக்கு ரத்தம் ஏத்தணும்னு சொல்லியிருக்காவ. கூட இருக்க ஆளில்லக்கா, எனக்குப் பயமா இருக்கு." இப்படித்தான் கேட்டாள். வார்த்தை வார்த்தையாக இப்போது ஞாபகம் வருகிறது. அதற்கு இவள் என்ன சொன்னாள்? அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாத மரகதம், விசுவாசம் இருக்கிற இடத்துல பயத்துக்கு வேலை இல்லை. கர்த்தர் கூட இருக்காருல்லா" என்றாள். சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாள். எட்டுப் பேரில் ஒருத்திகூட நான் வாரேன் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை, அதுதான் கொடுமை. ஜெபித்துவிட்டோம், கடமை முடிந்தது. மரகதம் மறுநாள் தனியாகத்தான் போயிருப்பாள். வராந்தாவில் அந்த இரும்பு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பாள். பாட்டு எங்கேயோ தூரத்தில் கேட்டது.

மூப்பர் எட்டாவது பெஞ்சைத் தாண்டிவிட்டார். ஒன்பது. இடத்தை மாற்றிவிடலாமா, வாந்தி வருகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடலாமா? போக வழி மரகதத்தைத் தாண்டித்தான். சுவர் தோளில் சில்லென்று பட்டது. தனக்கு அடுத்து ஆள் இல்லை, வாங்கினால் யாருக்கும் கொடுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது, இங்கேயே நின்றுவிடும் அது. பத்து. மூப்பர் அவர்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டார். காலேஜ் பெண் வாங்கிப் பாட்டியம்மாவுக்குக் கொடுத்தது. பாட்டியம்மா மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி முனங்கியது. மரகதம் திரும்பினாள். மில்லில் மூட்டை புரட்டுகிற கை, சொரசொரவென்று, நகத்தடியில் தவிட்டுத் தூசி. சுகிர்தம் கையை நீட்டினாள். மரகதம் இரண்டு கையாலும் பொதிந்து பிடித்து, "சமாதானம்க்கா" என்றாள். இவள் திருப்பிச் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. வாய் திறந்தது. ஆச்சரியம் பாருங்கள், முப்பது வருஷமாகத் தன்பாட்டுக்குப் பேசிய வாய் இன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"மரகதம்," என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "நான் போன வாரம் சொன்னது பொய். ரிப்போர்ட் நான் இன்னும் பாக்கலை. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க, கூட ஆள் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

மரகதம் அவள் முகத்தைப் பார்த்தாள். சுகிர்தத்துக்கு, இப்போது அவள் கையை விட்டுவிடுவாள் என்று தோன்றியது. விட்டால் நியாயம்தான். அல்லது ஒரு வசனம் சொல்லுவாள், பயத்துக்கு வேலை இல்லைக்கா என்று அன்றைக்கு வாங்கினதை அப்படியே திருப்பிக் கொடுப்பாள், அதுவும் நியாயம்தான். அதை வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்து நின்றாள். மரகதம் கையை விடவில்லை. விட வேண்டிய அவசரமும் இல்லை, அந்தப் பக்கம் சுவர்.

"எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காவ?" என்றாள் மரகதம்.

"ஒம்பதரைக்கு."

"அப்ப ஏழே கால் பஸ்ஸுக்குப் போயிரணும். அடுத்த வண்டின்னா கூட்டம், உக்கார இடம் கிடைக்காது. வெறும் வயித்தோட வராதீக, அங்க உக்காத்தி வச்சுருவாவ. நான் ரெண்டு தோசை சுட்டுக் கொண்டாரேன்."

"ஒனக்கு மில்லு இருக்கே."

"சொல்லிக்கிடலாம்." பிறகு, "அண்ணனுக்குத் தெரியுமாக்கா?" என்றாள்.

சுகிர்தம் தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"சொல்லிருங்க. அவுகளையும் கூட்டிட்டு வாங்க. நீங்க டாக்டர்கிட்ட உள்ள போயிருவீங்க, அவுகதான வெளிய உக்காந்துருக்கணும். அது ரொம்பக் கஷ்டம்க்கா. நான் அவுக பக்கத்துல இருந்துக்கிடுதேன்."

வேறு எதையும் மரகதம் சொல்லவில்லை. குத்திக் காட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கர்த்தரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள், அவளும் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்தாள். சுகிர்தத்துக்குக் கண் நிறைந்து வழிந்தது, முந்தானையை எடுத்து ஒற்றிக்கொண்டாள். பயம் போகவில்லை. எங்கே போகும், பட்டாணி அங்கேயேதான் இருக்கிறது, நர்ஸ் பிள்ளையின் நிறுத்தம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் நாலு நாளாகத் தொண்டைக்குக் கீழே இறங்காமல் நின்ற மூச்சு ஒன்று வயிறு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஏழே கால் பஸ், இரண்டு தோசை. பக்கத்தில் மரகதத்தின் தோள் சூடாக இருந்தது. இதுவாக இருக்குமோ என்று நினைத்தாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து நான் நினைத்தது எல்லாம் வேறு, இதுவாகத்தான் இருக்குமோ. கர்த்தாவே என்றாள் மனசுக்குள், குளியலறையில் வராத வார்த்தை இப்போது வந்தது, அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. மரகதத்துக்கு என்ன பதில் செய்வது என்றும் தெரியவில்லை. அதை அப்புறம் யோசிக்கவேண்டும், கட்டாயம் யோசிக்கவேண்டும்.

காணிக்கை எடுத்தார்கள். ஐயர் அப்பத்தை உயர்த்தி ஜெபித்தார், பாத்திரத்தை உயர்த்தி ஜெபித்தார். முன்பெஞ்சுகள் எழுந்து வரிசையாக நகர ஆரம்பித்தன, ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். ஆண்கள் பக்கம் ஐந்தாவது பெஞ்சு எழுந்தது. வெள்ளைச் சட்டை நடைபாதைக்கு வந்து வரிசையில் நின்றது. பதினோராவது பெஞ்சுக்கு முறை வர இன்னும் நேரமிருந்தது. சுகிர்தம் எழுந்தாள். மரகதம் ஒன்றும் கேட்காமல் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். பாட்டியம்மாவைத் தாண்டி, காலேஜ் பெண்ணைத் தாண்டி, நடைபாதையில் இறங்கி நடந்தாள். தலைகள் திரும்பின. செயலாளரம்மா முறை வருவதற்கு முன்னாலேயே எங்கே போகிறாள் என்று பார்த்திருப்பார்கள், பார்க்கட்டும். ஆண்கள் வரிசையில் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க."

தனசிங் திரும்பிப் பார்த்தார். "என்ன சுகி, இங்க வந்து நிக்க?"

"நாளைக்கு நீங்க லீவு போடணும்."

"எதுக்கு?"

"போன் வந்ததுன்னு சொன்னது பொய். ரிப்போர்ட்டுக்கு நாளைக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்க. நம்ம மரகதம் கூட வாரேன்னுருக்கா. நீங்களும் வரணும், எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

அவர் முகத்தில் ஒவ்வொன்றாக என்னென்னவோ வந்து போயிற்று. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் கோயிலுக்குள் வைத்து அவளைத் தொட்டதே இல்லாத மனுஷன், ஊர் பார்க்க, கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னால் நின்றவர் ஒரு அடி நகர்ந்தார். அவர்களும் நகர்ந்தார்கள்.